ஒன்றுமில்லை

டோவர் நிலையத்தில் இறங்கிக்
கூரைப் பாதையிலேயே நடந்தால்
நனையாமல் வந்துவிடலாம் என் ஆய்வுக்கூடத்துக்கு.
ஆறாம் தளம். பதினான்கு மேசைகள்.
பூட்டைத் திறந்ததும் விளக்கைப் போடமாட்டேன்,
முதலில் மோந்து பார்ப்பேன்.
சூடேறிய பிளாஸ்டிக்குக்கு மீன் வாடை உண்டு.
அது இல்லையென்றால்தான் மற்றதெல்லாம்.

அலமாரியில் நான்கு ஜோடிக் காலணி,
சிலிப்பரில் வருகிறவர்களுக்காக:
ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்று.
பத்தாம் எண் கால்காரர்கள்
பதினொன்றுக்குள் காகிதம் திணித்துக்கொள்ள வேண்டியதுதான்.
வாசலில் ஒரு தட்டு,
மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைக்க.
போன பருவத்து ஜேட் மோதிரத்தை
இன்னும் யாரும் தேடி வரவில்லை.

அலைநோக்கியின் குமிழில் ஒருநாள்
கோப்பி-ஓ பையை
அதன் சிவப்புக் கயிற்றோடு மாட்டியிருந்தான் வெய் ஜியே.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எடுத்துப்போய் வெளிக்கதவின் கைப்பிடியில் மாட்டினேன்.
மூன்று மணிவரை சொட்டிக்கொண்டிருந்தது.

என் இடக்கை எப்போதும் பைக்குள்.
மின்சுற்றைத் தொட ஒரு கை போதும்.
இரண்டையும் கொடுத்தால்
ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும்,
வழியில் இருப்பது நெஞ்சு.
பழகிப்போய்
லிஃப்டில், பேரங்காடி வரிசையில்,
தங்கை கல்யாணப் படங்களில்கூட
ஒற்றைக் கையோடு நிற்கிறேன்.
புடவையில் பை கிடையாது,
முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கிறேன்.
திமிர் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில்.

செவ்வாய், மூன்றேகால்.
ஷஹ்மிராவும் ஜியேயும் இறுதியாண்டுத் திட்டத்தில்.
எட்டு மின்தேக்கிகள், நானூறு வோல்ட்.
சுவிட்சை அணைத்தார்கள்.
பச்சை விளக்குப் போனது, விசிறி ஓய்ந்தது,
வெளியே இடி.
அவன் ஸ்பேனரை எடுத்துக் குனிந்தான்.
முனையத்துக்கும் விரலுக்கும்
ஒரு பிளாஸ்டர் அகலம்.

"எடு கையை!"

பதினோரு ஆண்டுகளாக
அந்த அறைக்குள் நான் ஆங்கிலம்தான் பேசியிருக்கிறேன்.
அவனுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.
எடுத்துவிட்டான்.

என் உள்ளங்கை அதற்குள் சிவப்புப் பொத்தான்மேல்.
தேங்கிய மின்னை அது தொடாது,
அதை நானே ஆண்டுதோறும் பாடமாகச் சொல்கிறேன்.
கை தானாகப் போயிற்று.
பதினான்கு மேசையும் இருண்டன.

தடை பொருத்திய கோலை முனையத்தில் வைத்தேன்,
இடக்கை பைக்குள்.
மீட்டரை எல்லோரும் பார்த்தோம்.
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
இருநூற்றுப் பன்னிரண்டு.
தொண்ணூறு.
ஏழு வந்ததும் யாரோ சிரித்தார்கள்.
நான் சுழிக்காகக் காத்திருந்தேன்.

கசிவுத் தடையின் ஒரு காலில்
ஈயம் பிடிக்கவே இல்லை. அதைக் கண்டுபிடித்தவள் ஷஹ்மிரா.
பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு
வெகுநேரம் கழிப்பறையில் இருந்தாள்.

ஒன்பதாம் மேசை சுகுணேஷுக்கு
இரண்டு நாள் அளவீடுகள் போயின.
'தேவையற்ற பதற்றம்' என்று துறைக்கு எழுதினான்.
அவன் பக்கமும் ஞாயம்தான்.
சேமித்திருக்கலாம் என்பதும் ஞாயம்தான்.

பதிவேட்டில் 'நிகழ்வு' என்றொரு கட்டம் உண்டு.
மாலைதோறும் அதில் எழுதுவேன், ஒன்றுமில்லை.
அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
செவ்வாயன்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.
'காயம்' என்ற கட்டத்துக்கு வந்தபோது
பேனா சற்று நின்றது,
பிறகு வழக்கமான சொல்லையே எழுதியது.

அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்,
மின்தேக்கிப் பெட்டியின் மூடியில்
மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறது.
ஆங்கில எழுத்தில், ஜியேயின் கோணல் கையில்:
'எட்டு கய்யே'.
எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டுமென்பது விதி.
எழுத்து ஆங்கிலம்தானே என்கிறான்.

வியாழக்கிழமை தணிக்கையாளர் வருகிறார்.
நான் இன்னும் கிழிக்கவில்லை.